பால் எடுக்க ஓர் அறை

ஆயாக்கொட்டகை என்றால் இன்றைய ஈப்போ பிள்ளைகளுக்குத் தெரியாது. பேராக் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்குப் போன தாய்மார்கள் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டார்கள். மரம் வெட்ட முடியாத வயதில் ஓர் ஆயா, வரிசையாகத் தொங்கும் ஏணைகளை ஆட்டிக்கொண்டிருப்பார். சுங்கை சிப்புட் பக்கத்துப் பாட்டிகளிடம் கேட்டால் ஈக்களையும் அழுகையையும்தான் முதலில் சொல்கிறார்கள். பொற்காலம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வெட்டு முடிந்து மரத்தில் பால் வடியும் இடைவெளியில் ஓடிவந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு மறுபடி நிரைக்கு ஓடியதையும் சொல்கிறார்கள். குழந்தை கூப்பிடு தூரத்தில் இருந்தது.

பேத்திக்கு வேலை கிரீன்டவுன் அலுவலகத்தில். குழந்தை புந்தோங்கில் பாட்டியிடம்.

2023 ஜனவரி 1 முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியது. நல்ல மாற்றம். ஆனால் அது 14 வாரம். உலகச் சுகாதார நிறுவனமோ முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது. மீதிப் பன்னிரண்டு வாரம்? தனியார் வேலையில் பாலூட்டவோ பால் எடுக்கவோ இடைவேளை தரும்படி நம் வேலைச் சட்டம் சொல்லவில்லை. இந்தியச் சட்டம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு இடைவேளை தருகிறது, அதுவும் 1961 முதல். பிலிப்பைன்சில் எட்டு மணி நேர வேலையில் குறைந்தது 40 நிமிடம்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எடுக்காவிட்டால் மார்பு கட்டி வலிக்கும். தேங்கிய பாலைக் கண்டு உடலும் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பிறகு ‘அவளுக்குப் பால் வற்றிவிட்டது’ என்று வீட்டில் பேச்சு!

வானொலியில் இதைப் பேசியபோது வந்த குரல்பதிவுகளில் ஸ்டோர் ரூமும் கழிப்பறையும்தான் திரும்பத் திரும்ப வந்தன. யாருடைய சாப்பாட்டையாவது கழிப்பறையில் தயாரிப்போமா? பூட்டுள்ள கதவு, நாற்காலி, பிளக், கை கழுவ இடம் போதும். ஐஸ் கட்டிகள் வைத்த பையில் பால் 24 மணி நேரம் தாங்கும்.

முதலாளி தானாகத் தருவார் என்று காத்திருக்க வேண்டாம். அதே 2023 திருத்தத்தில் 60பி என்றொரு பிரிவு வந்தது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். விடுப்போ 98 நாள். ஆகவே பிள்ளைக்கு ஒரு மாதம் முடிவதற்குள் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.