குத்துவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டிய மீன்

கடலோரக் கிராமத்து உழவர்களுக்கு நாக்கு மீன் புதியதல்ல. இலை போலத் தட்டையான உடல், ஒரு பக்கம் மணல் நிறம், மறு பக்கம் வெள்ளை, இரு கண்களும் ஒரே பக்கம். இதற்கு உறவான எருமை நாக்கு மீனின் அறிவியல் பெயரில் 'எருமை' என்ற தமிழ்ச் சொல்லே இருக்கிறது. தரங்கம்பாடியில் கிடைத்த மீனைக் கொண்டு 1801-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்கள் சூட்டிய பெயர் அது. இத்தகைய தட்டை மீன் வகை ஒன்றை வலையும் தூண்டிலும் இல்லாமல், இரவில் முழங்கால் அளவு நீரில் நடந்து சென்று ஈட்டியால் குத்திப் பிடிக்கும் வழக்கம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் கடற்கரையில் நெடுங்காலமாக உள்ளது. செலவு குறைந்த, எளிய முறை இது. ஆயினும் ஆண்டுதோறும் ஆறு வாரங்களுக்கு மேல் இம்மீனைப் பிடிக்கவே கூடாது என்று அங்கே இப்போது சட்டம் இருக்கிறது. ஈட்டிக்கு இரையாகும் பெரிய மீன்கள் ஏறக்குறைய அனைத்துமே பெண் மீன்கள் என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மீன் படுத்திருக்கும் இடம்

டெக்சாஸ் கரையை ஒட்டி நீண்ட மணல் தீவுகள் உள்ளன. அவற்றுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே ஆழமில்லாத காயல்கள் பரந்து கிடக்கின்றன. நமது பழவேற்காடு ஏரியை நினைத்துக்கொண்டால் போதும். கால்வெஸ்டன், மடகோர்டா, கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற பெயர்களில் இவை அழைக்கப்படுகின்றன. தென்பகுதி பிளவுண்டர் என்னும் தட்டை மீன் இங்கே தான் வளர்கிறது.

இம்மீன் இரையைத் துரத்திச் செல்வதில்லை. சேற்றிலோ மணலிலோ உடலைப் புதைத்து, கண்களை மட்டும் வெளியே வைத்துக் கிடக்கும். தரையின் நிறத்துக்கு ஏற்பத் தன் தோலின் நிறத்தை மாற்றிக்கொள்ளும். இறாலோ சிறு மடவையோ மேலே கடந்து போனால் சட்டென்று எழும்பிக் கவ்விவிடும். இரவில் நீர் ஏறும்போது இறாலும் குஞ்சு மீன்களும் கரையோரப் புல்வெளிக்கு வருகின்றன. அவற்றைத் தேடித் தட்டை மீனும் கணுக்கால் அளவு நீருக்குக் கூட வந்துவிடுகிறது. மனிதன் நடந்து சென்று பிடிக்க முடிவது இதனால்தான்.

மீன் கிடந்து எழுந்து போன இடத்தில் அதன் உடல் வடிவம் சேற்றில் அச்சாகப் பதிந்திருக்கும். பகலில் நீர் வற்றும்போது இத்தகைய அச்சுகளைப் பார்த்து வைத்து, இரவில் அதே இடத்துக்குச் செல்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

விளக்கும் ஈட்டியும்

இந்த வேலைக்குக் காற்று அடங்கிய இரவு தேவை. நீர்ப்பரப்பில் சிற்றலை எழுந்தால் தரை தெரியாது. நீர் கலங்கியிருந்தாலும் பயனில்லை. ஆகவே புறப்படுமுன் காற்றைப் பார்ப்பதே முதல் வேலை.

முற்காலத்தில் பிசின் நிறைந்த பைன் கட்டையைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் குத்தினார்கள். பின்னர் நமது பெட்ரோமாக்ஸ் போன்ற காந்த விளக்குகள் வந்தன. இப்போது மின்கலத்தில் எரியும் எல்.இ.டி. விளக்கைக் குழாயின் நுனியில் பொருத்தி, நீருக்குள்ளேயே அமிழ்த்திப் பிடித்துச் செல்கிறார்கள். விளக்கு நீருக்கு மேலே இருந்தால் ஒளி பரப்பில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். உள்ளே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஈட்டி என்பது நீண்ட கம்பின் நுனியில் ஒன்று அல்லது சில முட்கள் பொருத்திய கருவி. குத்திய மீன் நழுவாதபடி முள்ளில் எதிர்முள் வைத்திருப்பார்கள். குத்தும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. நீருக்குள் இருக்கும் பொருள் உள்ளபடி இல்லாமல் சற்று மேலே இருப்பது போலத் தோன்றும். ஆகவே எட்ட நின்று சாய்வாகக் குத்தினால் முள் மீனைத் தாண்டி விழும். மீனுக்கு அருகில் சென்று, ஈட்டியின் நுனியை நீருக்குள் இறக்கிக்கொண்டு, நேர் மேலிருந்து கீழாகத் தலைக்குச் சற்றுப் பின்னே குத்த வேண்டும். குத்தியதும் தூக்கிவிடக் கூடாது. தரையோடு அழுத்திப் பிடித்து, மறு கையை மீனுக்கு அடியில் கொடுத்து எடுக்க வேண்டும். வெறும் கம்பால் தூக்கினால் சதை கிழிந்து மீன் போய்விடும். போன மீன் பிழைப்பதும் அரிது.

காலைத் தூக்கி வைக்கக் கூடாது

இந்த மீன் கிடக்கும் அதே மணலில் திருக்கையும் கிடக்கும். காலைத் தூக்கி அதன் முதுகின் மேல் வைத்தால் வாலைச் சுழற்றி முள்ளால் குத்திவிடும். அதனால் பாதத்தைத் தரையை விட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார்கள். மணல் அதிர்வதை உணர்ந்து திருக்கை தானாக விலகிவிடும். முள் பட்டுவிட்டால், தோல் வெந்துவிடாத அளவுக்குச் சூடான நீரில் காலை அமிழ்த்தி வைக்க வலி குறையும். பிறகு மருத்துவரிடம் காட்டவேண்டும்.

கிளிஞ்சல் கீறிய சிறு காயத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ வல்னிபிகஸ் என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. காயத்தின் வழியாக உடலில் புகுந்தால் மிக விரைவில் உயிருக்கே ஆபத்து உண்டாக்கும். கல்லீரல் நோய் உள்ளவர்களும் நீரிழிவு நோயாளிகளும் புண்ணோடு இத்தகைய நீரில் இறங்கவே கூடாது. காலுறையும் கெட்டியான காலணியும் அணிந்து, துணைக்கு ஒருவரோடு செல்வதே அங்கே முறை.

ஏன் எல்லாம் பெண் மீன்?

ஒரு விதத்தில் ஈட்டி, வலையைவிட நல்ல கருவி. வலை எதையும் பார்ப்பதில்லை. அகப்பட்டதை எல்லாம் வாரிக்கொண்டு வருகிறது. ஈட்டிக்காரனோ மீனைப் பார்த்து, இது வேண்டும் வேண்டாம் என்று தீர்மானித்த பிறகே குத்துகிறான். ஆனால் குறையும் அங்கேயே இருக்கிறது. தூண்டிலில் பிடித்த சிறு மீனைத் திருப்பி விடலாம். குத்திய மீனைத் திருப்பி விட்டுப் பயனில்லை.

டெக்சாஸில் 38 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்த தட்டை மீனைக் கொண்டுவரக் கூடாது. முன்பு இந்த வரம்பு 35½ சென்டிமீட்டராக இருந்தது, 2020-இல் உயர்த்தப்பட்டது. இம்மீனில் ஆண் சிறியது. 35 சென்டிமீட்டரைத் தாண்டுவதே அரிது. பெண் அதைவிட மிகப் பெரிதாக வளரும். ஆகவே சட்டப்படி பிடிக்கத் தகுந்த மீன் என்றாலே அது பெண் மீன்தான் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். பெண் மீன் சுமார் இரண்டு வயதில் சினைப்படுகிறது. ஒரு முறையாவது முட்டையிட்ட பிறகே அது பிடிபடட்டும் என்பதுதான் அளவு வரம்பின் நோக்கம். இதனால்தான் சந்தேகமான அளவுள்ள மீனை விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். நீருக்குள் மீன் சற்றுப் பெரிதாகவே தோன்றுவதால், ஈட்டிக் கம்பிலேயே 38 சென்டிமீட்டருக்கு வண்ணத்தால் குறியிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்து, காலம். குளிர்காற்று வீசத் தொடங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சினைப்பட்ட மீன்கள் காயலை விட்டு ஆழ்கடலுக்கு முட்டையிடப் புறப்படுகின்றன. அவை போக வேண்டிய வழி மணல் தீவுகளுக்கு இடையேயுள்ள குறுகிய முகத்துவாரங்கள்தான். காயல் முழுவதும் சிதறிக் கிடந்த மீன் அந்த நாட்களில் ஓரிடத்தில் திரள்கிறது. ஈட்டிக்காரர்களுக்கு அதுவே பொற்காலமாக இருந்து வந்தது. விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்கு இது ஒப்பாகும்.

மீன் குறைந்து வருவது அரசின் ஆண்டுக் கணக்கெடுப்பில் தெரிந்ததும், 2009-இல் ஒருவர் ஒரு நாளில் பிடிக்கும் அளவு 10-இலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. நவம்பரில் ஈட்டிக்குத் தடை வந்தது. தூண்டிலுக்கு மட்டும் நாளொன்றுக்கு 2 மீன் என்று விட்டுவைத்தார்கள். தாய் மீனைக் காப்பதுதான் நோக்கமென்றால் தூண்டிலுக்கு மட்டும் விலக்கு ஏன் என்று ஈட்டிக்காரர்கள் கேட்டிருந்தால் அதில் தவறில்லை. 2014-இல் நாளொன்றுக்கு 2 மீன் என்ற வரம்பு டிசம்பர் 14 வரை நீண்டது, ஆனால் ஈட்டித் தடை நவம்பரோடு நின்றது. 2021 முதல் நவம்பர் 1 தொடங்கி டிசம்பர் 14 வரை தூண்டில், ஈட்டி இரண்டுக்குமே முழு விடுமுறை. அதற்கு முன்பே, காயல் இறால் வலைகளில் தட்டை மீன் குஞ்சுகள் அழிவதைக் குறைக்கவும் உதவும் வகையில், இறால் படகு உரிமங்களை விலை கொடுத்துத் திரும்பப் பெறும் திட்டம் 1995-இல் தொடங்கப்பட்டது. கிழக்குக் கடற்கரையிலுள்ள வட கரோலினாவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே 2024-இல் பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவர்களுக்குப் பருவமே திறக்கப்படவில்லை.

வெப்பம் செய்யும் வேலை

ஈட்டியை நிறுத்தினால் மட்டும் மீன் பெருகிவிடுமா? அவ்வளவு எளிதல்ல. இம்மீனின் குஞ்சு ஆணாவதா பெண்ணாவதா என்பதில் நீரின் வெப்பத்துக்கும் பங்கு உண்டு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குஞ்சுகளை மூன்று வெப்ப நிலைகளில் வளர்த்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். 23 டிகிரி செல்சியஸில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதி. 18 டிகிரியில் ஆண்கள் மிகுந்தன. 28 டிகிரியில் கிட்டத்தட்ட எல்லாமே ஆண்கள். பிறவியிலேயே பெண்ணாக வேண்டிய குஞ்சும் வெப்பம் மாறினால் ஆணாகிவிடுகிறது. ஆணாக வேண்டியது பெண்ணாவதில்லை. எனவே பாதிக்கு மேல் பெண் மீன் கிடைக்க வழியே இல்லை. காயல் நீர் சூடேறச் சூடேற அந்தப் பாதியும் குறைகிறது. குளிர்காலம் போதிய குளிர் இல்லாமல் போனால் முட்டையிடுதலும் பாதிக்கப்படுகிறது.

ஆகவே டெக்சாஸில் இப்போது குஞ்சுப் பண்ணைகளிலும் இம்மீனை உற்பத்தி செய்து காயல்களில் விடுகிறார்கள். தாய் மீன்களைத் தொட்டியில் வைத்து, குளிர்காலம் வந்துவிட்டது போலப் பகல் வெளிச்சத்தையும் நீரின் வெப்பத்தையும் படிப்படியாகக் குறைத்து முட்டையிட வைக்கிறார்கள். குஞ்சு பொரித்து, வலக்கண் தலையைச் சுற்றி இடப் பக்கத்துக்கு நகர்ந்து, உடல் தட்டையான பிறகு, சுண்டு விரல் நீளம் வளரும் பருவத்தில் அதன் பால் முடிவாகிறது. அந்தச் சில வாரங்கள் தொட்டி நீரை 23 டிகிரியை ஒட்டி வைத்திருக்க வேண்டும். தவறினால் காயலில் விடப்படுபவை பெரும்பாலும் முட்டையிடாத ஆண் குஞ்சுகளாகவே இருக்கும்.