கொக்குவிற் சுருட்டும் காவுகை ஒப்பந்தமும்

கொக்குவிற் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகை வாசிக்க ஏனையோர் சுருட்டுச் சுற்றியவாறே கேட்ட மரபு நம்மிடையே பலகாலும் பேசப்பட்டுள்ளது. ஆயின், அச்சுருட்டு தென்னிலங்கைக் கடைகளைச் சென்றடைந்த வழி நமது ஆய்வுக்கு அதிகம் உட்படவில்லை.

பண்டம் நுகர்வோனைச் சேரும்போதே அதன் பயன்மதிப்பு நிறைவுறுவதால், போக்குவரத்தும் உற்பத்தியின் தொடர்ச்சியே என்பது 1885இல் வெளிவந்த 'மூலதனம்' இரண்டாம் பாகத்தில் மார்க்ஸ் நிறுவிய கருத்தாகும். எனவே சுருட்டுச் சுற்றியவரின் உழைப்போடு வண்டிக்காரர், புகையிரதத் தொழிலாளர், லொறிச் சாரதி ஆகியோரின் உழைப்பும் சுருட்டிற் சேர்கின்றது. வழியிற் பொதி நனைந்தால் அல்லது தொலைந்தால் நட்டம் யாருடையது? இவ்வினாவுக்கு விடை தருவதே காவுநருக்கும் அனுப்புநருக்கும் இடையிலான ஒப்பந்தம்.

யாழ்ப்பாணத்தார் காணிக்கும் சீதனத்துக்கும் தேசவழமை உண்டு. நாட்டின் பொதுச் சட்டம் ரோமன்-டச்சுச் சட்டம். ஆனால், பொதி ஏற்றும் வண்டிக்கு ஆங்கிலச் சட்டமே விதி. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் கடல்சார் விடயங்களிலும், 1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் தரைவழிக் காவுகையிலும் அதனைப் புகுத்தின. மலைநாட்டுக் கோப்பி மாட்டுவண்டிகளிற் கொழும்புக்கு இறங்கிய காலம் அது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இயற்கைப் பேரிடர், அரசனின் பகைவர் முதலிய சில காரணங்கள் தவிர, ஏனைய இழப்புகளுக்கெல்லாம் பொதுக் காவுநரே பொறுப்பு என்பது அச்சட்டத்தின் பழைய நெறி. ஆயினும், 'உடையவர் பொறுப்பில்' என்ற ஒரு வரியை ஒப்பந்தத்திற் சேர்த்துக் காவுநர் அப்பொறுப்பைத் தட்டிக்கழிக்கலாயினர். ஒருவர் அச்சிட மற்றவர் கையொப்பமிடும் இதுவே 'ஒப்பந்தச் சுதந்திரம்' எனப்பட்டது. சரக்குரிமையாளர் வலுவுடன் நின்ற இடத்திலேயே இதற்கு வரம்பு எழுந்தது. கடல்வழிக் காவுகையில் அமெரிக்காவின் 1893ஆம் ஆண்டு ஹார்ட்டர் சட்டமும், 1924ஆம் ஆண்டு ஹேக் விதிகளும் காவுநர் கைகழுவ முடியாத பொறுப்புகளை வரையறுத்தன. இலங்கையில் 1982ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இவ்வழியில் வந்ததே.

சிறு அனுப்புநருக்கு அத்தகைய வலு இல்லை. தன்மீது விழும் நட்டத்தை அவர் கூலியிலோ விலையிலோ ஈடுசெய்ய முனைவார். எண்ணிக்கைக்குக் கூலி பெறும் தொழிலாளிக்கோ அதனை இறக்கிவைக்க வேறு தோள் இல்லை. 1990இல் வட பாதைப் புகையிரதம் நின்றபோதும், 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டுக் கப்பலே கதியானபோதும், ஏற்றுகூலி பொருள் விலையில் ஏறிக் குடாநாட்டு மக்கள்மீது விழுந்தது. ஒப்பந்தத்திற் கையொப்பமிடாதோரே அதன் சுமையைத் தாங்கினர்.

ஆகவே, பழைய கடைக் கணக்கேடுகளில் எஞ்சியுள்ள பொதிச் சிட்டைகளும் நமது சமூக வரலாற்றின் மூலங்களே. அவை கறையானுக்கு இரையாகுமுன் தொகுக்கப்படல் வேண்டும்.