பாட்டியின் கூறைப்புடவையும் ஒரு போர்வையும்

விழுப்புரம் வீட்டு பீரோவில் பாட்டியின் கூறைப்புடவை பல வருஷமா மடிச்சபடியே கிடந்தது. போன மாசம் பிரிச்சேன். மடிப்பு வாக்கிலேயே கிழிஞ்சு கையோடு வந்துடுச்சு. "எங்க தெருவுல பழைய பட்டுப்புடவை வாங்குறவங்க வருவாங்கடா, போட்டுடு" என்றார் திண்டிவனத்து அத்தை.

அவர்கள் வாங்குவது புடவையை அல்ல, ஜரிகையை. பட்டு நூல்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியதுதான் அசல் ஜரிகை. எரித்தால் வெள்ளி மிஞ்சும். சுரண்டிப் பார்த்தேன், உள்ளே சிவப்புப் பட்டு தெரிஞ்சது. அசல்தான், காசு வரும். ஆனா எரிச்சிடுவாங்களே!

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள் என்று தேடினேன். வங்காளத்தில் நைந்த புடவை, வேட்டிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு 'காந்தா' தைத்தார்கள். தைக்கிற வண்ண நூலையும் பழைய புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள். ஐ.சி.எஸ். அதிகாரி குருசதய் தத் (1882–1941) சேகரித்த காந்தாக்களையும் மற்ற நாட்டுப்புறக் கலைப்பொருட்களையும் கொண்டு கொல்கத்தாவை ஒட்டிய ஜோகாவில் அவர் பெயரில் அருங்காட்சியகம் அமைந்தது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் பழந்துணியில் 'கவந்தி' போர்வை தைக்கிறார்கள். விளிம்பில் ஆரம்பிச்சு, சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க. நாலு மூலையிலும் முக்கோணமா மடிச்ச துணி. அதுக்குப் பேர் 'பூ'.

நம்ம பக்கமும் அம்மாவின் நூல்புடவைதானே பிள்ளைக்குத் தூளி? அத்தையிடம் சொன்னேன். "தூளிக்கு இந்தப் பட்டு தாங்குமாடா?" என்றார். நியாயமான கேள்வி.

நைந்த பட்டு ஊசியையே தாங்காது. அதனால் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன தாத்தாவின் வேட்டியை அடியில் வைத்து, பட்டை அதன்மேல் பரப்பி, நெருக்கமில்லாமல் கையால் தைத்தேன். கரையைத் தனியே பிரித்துவிட்டேன். ஜரிகைக் கரை கனம், உடல் இலேசு. அந்த இழுவையும் பட்டைக் கிழிக்கும். பாட்டியின் ரவிக்கைக் கொக்கிகளையும் சேர்க்க ஆசை. இரும்பு, ஈரம் பட்டால் துருக்கறை ஏறும் என்பதால் விட்டுவிட்டேன். தாத்தா சட்டையின் சிப்பிப் பொத்தான்களை மூலைக்கு ஒன்றாக வைத்தேன், சித்திப் பெண்களின் பூ மாதிரி.

முந்தானையில் ஒரு துண்டை அத்தை கேட்டு வாங்கிக்கிட்டாங்க. மடிக்காம சுருட்டி வைங்கன்னு மட்டும் சொல்லியிருக்கேன்.