உங்களுக்குத் தெரியுமா? சம்பளத்துக்கு அடுத்த கேள்வி

வேலை கிடைத்துவிட்டது என்று ஒருவர் சொன்னதும் ஊர் கேட்பது, "சம்பளம் எவ்வளவு?" வீட்டுக்குள் நடக்கும் பேச்சு வேறு. எத்தனை மணிக்குக் கிளம்பணும், நேர் பஸ் இருக்கா, நைட் ஷிப்ட் உண்டா, நிரந்தரமா? போவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளில்தான் முடிவாகிறது.

14,000 பேருக்காக 52,000 பேர்

1913இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில், ஹைலண்ட் பார்க் என்ற இடத்தில் இருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலைக்கு ஏறத்தாழ 14,000 தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள். அந்த எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள, அந்த ஓர் ஆண்டில் மட்டும் 52,000 பேருக்கு மேல் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் வந்த வேகத்தில் போய்க்கொண்டே இருந்தார்கள். கூலி குறைவு என்பது மட்டும் காரணமல்ல. அந்த ஆண்டுதான் அங்கே நகரும் வரிசை முறை வந்தது. வண்டி நகர்ந்து வரும். தொழிலாளி நின்ற இடத்திலேயே நின்று அதே திருகாணியைக் காலை முதல் மாலை வரை முடுக்க வேண்டும். ஒரு முழு இயந்திரத்தைத் தன் கையால் பூட்டத் தெரிந்தவருக்கு அது தாங்கவில்லை.

1914 ஜனவரி 5 அன்று ஹென்றி ஃபோர்டு நாள் கூலியை 5 டாலர் என்று அறிவித்தார். அதற்கு முன் 2.34 டாலர். வேலை நேரமும் 9 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரமாகக் குறைந்தது. உறைபனிக் குளிரில் ஆயிரக்கணக்கானோர் ஆலை வாசலில் குவிந்தார்கள். ஆட்கள் விட்டுப் போகாமல் வேலை பார்க்கவும் ஆரம்பித்தார்கள். ஆனால் அந்த 5 டாலரில் பாதிக்கு மேல் லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது. அது கைக்கு வர வேண்டுமானால் நிறுவனத்தின் ஆட்கள் வீடு தேடி வருவார்கள். குடிப்பழக்கம் உண்டா, வீடு சுத்தமாக இருக்கிறதா, பணம் சேர்க்கிறாரா என்று பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். கூலி இரட்டிப்பான கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூடுதல் பணத்துக்காகத் தொழிலாளி தன் வீட்டுக் கதவையும் திறந்துவிட வேண்டியிருந்தது.

கொத்தனாருக்கு ஏன் கூடுதல் கூலி?

1776இல் ஆடம் ஸ்மித் எழுதிய 'நாடுகளின் செல்வம்' நூலில் இதற்குப் பதில் இருக்கிறது. வேலைக்கு வேலை கூலி வேறுபட அவர் சொன்ன காரணங்கள் ஐந்து: வேலை இனிதா கடினமா, கற்றுக்கொள்ள எவ்வளவு செலவு, ஆண்டு முழுக்க வேலை உண்டா, எவ்வளவு நம்பிக்கை வைத்து ஒப்படைக்கிறார்கள், அந்தத் தொழிலில் தேறி வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு. பொற்கொல்லருக்குக் கூலி அதிகம், ஏனென்றால் அவர் கையில் இருப்பது அடுத்தவர் தங்கம். பனிக்காலத்திலும் அடைமழையிலும் கொத்தனாருக்கு வேலை இல்லை. ஆகவே வேலை இருக்கும் நாளின் கூலி, இல்லாத நாளுக்கும் சேர்த்துச் சோறு போட வேண்டும். அடுத்த வேலை எப்போது வருமோ என்ற கவலைக்கும் அந்தக் கூலியில் ஒரு பங்கு உண்டு என்கிறார் ஸ்மித். ஐப்பசி மழையில் சாரம் கட்ட முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்க் கொத்தனாருக்கு இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஓர் இடத்துக்கு 300 பேர்

2022இல் தமிழ்நாட்டில் அரசு வேலைக்காக நடந்த குரூப் 4 தேர்வில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம். இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் பதவிகளுக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். இதைவிடக் கூடுதலாகத் தனியாரில் வாங்குகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஓய்வூதியத்துக்காகத்தான் அரசு வேலை என்பார்கள். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்துக்குப் பதிலாகப் பங்களிப்புத் திட்டம் வந்தது. அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை என்றால், வருகிறவர்கள் தேடுவது வேறொன்று. அடுத்த மாதமும் இந்த வேலை இருக்கும் என்ற நிம்மதி. பெண் பார்க்கப் போகும் இடத்திலும் வங்கியில் கடன் கேட்கும் இடத்திலும் அந்த நிம்மதிக்கு ஒரு விலை இருக்கிறது. "கால் காசானாலும் கவர்மெண்ட் காசு" என்பதைச் சோம்பேறிகளின் சொல் என்று சிலர் பேசுவார்கள். முன்னறிவிப்பில்லாமல் வேலை போன வீட்டில் வளர்ந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

20 சதவீதம் குறைந்தாலும் பரவாயில்லை

அமெரிக்காவில் அலெக்சாண்டர் மாஸ், அமாண்டா பாலே என்ற இரு பொருளியலாளர்கள் ஓர் அழைப்பு மையத்துக்கு உண்மையாகவே ஆள் எடுத்தபடி நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. ஒரே வேலையை வெவ்வேறு சம்பளத்திலும் வெவ்வேறு வேலை நேர முறையிலும் காட்டி, விண்ணப்பித்தவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்ய, சராசரியாகச் சம்பளத்தில் 8 சதவீதத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அடுத்த வார நேரத்தை முதலாளி நினைத்தபடி மாற்றிப் போடும் முறையைத் தவிர்க்கவோ 20 சதவீதம்.

நாளைக்கு லீவா இல்லையா என்பது இன்று இரவு வாட்ஸ்அப்பில்தான் தெரியும் என்ற நிலையில் இருப்பவரைக் கேளுங்கள். பிள்ளையின் பள்ளிக்கூட விழாவுக்கு வருகிறேன் என்று அவரால் வாக்குக் கொடுக்க முடியாது.

உட்கார ஒரு சட்டம்

கடையில் வேலை செய்கிறவர் உட்காரலாம் என்பதற்கு நம் நாட்டில் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. அதன் தொடக்கம் கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெரு. அங்கே கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். விஜி என்ற தையல் தொழிலாளி 2009இல் அவர்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் கோரிக்கை கழிப்பறை, அடுத்தது நாற்காலி. திருச்சூரில் துணிக்கடைப் பெண்கள் 2014இல் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்த மசோதா வந்தது. ஊழியர்கள் வேலை நேரம் முழுவதும் கால் கடுக்க நிற்காமல், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்றது. அது சட்டமாகவும் ஆனது.

பண்டிகைக்குத் துணி எடுக்கப் போகும்போது கடையைச் சுற்றி ஒரு முறை பாருங்கள். நாற்காலி இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? "ஏன் அந்த வேலையை விட்டாய்?" என்று துணிக்கடையிலிருந்து வந்த பெண்களைக் கேட்டால், சம்பளத்துக்கு முன்னால் கெண்டைக்கால் வலியைத்தான் சொல்கிறார்கள். இந்தச் சட்டத்தை நான் மிகப் பெரிய சட்டங்களில் ஒன்றாக மதிக்கிறேன்.

சாலையில் உட்கார்ந்தவர்கள் கேட்டது

2021 டிசம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூர் வட்டாரத்தில், செல்பேசித் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் மறியல் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டு அல்ல. விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்டோர் உடல்நலம் கெட்டு மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். நல்ல சோறு, நல்ல தண்ணீர், படுக்க இடம் என்பதே பேச்சு. 2024 ஆகஸ்ட் 17 அன்று அதே பகுதியில், வல்லம் வடகாலில், 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. திருவண்ணாமலையிலோ தென்காசியிலோ இருக்கும் ஒரு தாய் தன் மகளை இவ்வளவு தூரம் அனுப்பலாமா என்று யோசிக்கும்போது முதலில் நினைப்பது தங்கும் இடத்தைத்தான்.

பத்தில் எட்டுப் பேர் பெண்கள்

நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றுதான் சொன்னது. தமிழ்நாட்டிலோ பல ஆண்டுகளாக அந்த வேலைக்கு வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் காரணம் புரியும். ஊரிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வேலை. அதற்கு மேல் போனால் 10 சதவீதம் கூடுதல் கூலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். தண்ணீர், நிழல், முதலுதவிப் பெட்டி. வயல் வேலையில் ஆணுக்கு ஒரு கூலி, தனக்கு ஒரு கூலி என்று வாங்கிப் பழகியவருக்கு இந்தப் பட்டியல் எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நாளின் மிக மோசமான நேரம்

அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளைக் காட்சி காட்சியாக நினைவுகூர்ந்து எழுதச் சொன்னார் உளவியலாளர் டேனியல் கானமன். 2004இல் வெளியான அந்த ஆய்வில் மகிழ்ச்சிப் பட்டியலின் கடைசியில் நின்றது, காலையில் வேலைக்குப் போகும் பயணம். தாம்பரத்தில் ரயிலேறுகிறவர்கள் தலையசைப்பார்கள்.

பக்கத்து மேசைக்காரரின் சம்பளம்

மற்றவர்கள் 25,000 டாலர் வாங்கும் ஊரில் உங்களுக்கு 50,000 டாலர். அல்லது மற்றவர்கள் 2 லட்சம் வாங்கும் ஊரில் உங்களுக்கு 1 லட்சம். எது வேண்டும்? 1998இல் வெளியான ஹார்வர்டு ஆய்வொன்றில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் 50,000 போதும் என்றார்கள். விடுமுறை நாட்களைப் பற்றி இதே மாதிரிக் கேட்டபோது, அடுத்தவருக்கு எத்தனை நாள் என்பதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. தமக்குக் கூடுதல் நாட்கள் கிடைத்தால் போதும்.

மேலதிகாரிக்குத்தான் மாரடைப்பா?

பொறுப்பு கூடக் கூட மாரடைப்பும் கூடும் என்று எல்லாரும் நம்பினார்கள். லண்டனில் 1967இல் தொடங்கி ஏறத்தாழ 18,000 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்த 'வைட்ஹால்' ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. மிகக் கீழ்நிலையில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உச்சத்தில் இருந்தவர்களைப்போல் சுமார் மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் போகவில்லை. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் 10,308 ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். தன் வேலையை எப்படி, எந்த வரிசையில் செய்வது என்பதில் தன் சொல் செல்லாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்ததை அதில் கண்டார்கள்.

பத்தே வேலைகள்

பீசா என்ற பன்னாட்டு மாணவர் தேர்வில், 2018இல், 41 நாடுகளின் 15 வயது மாணவர்களிடம், 30 வயதில் என்னவாக இருப்பாய் என்று கேட்டார்கள். ஆண்களில் 47 சதவீதமும் பெண்களில் 53 சதவீதமும் சொன்னது வெறும் பத்து வேலைகளுக்குள் அடங்கிவிட்டது. உலகில் ஆயிரக்கணக்கான தொழில்கள் இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலும். 1908இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய தொழில் வழிகாட்டு மையம், வேலை தேடும் இளைஞர்களோடு உட்கார்ந்து பேசத்தான் திறக்கப்பட்டது. அப்படி ஒரு மேசை நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

படங்களை மாற்றி மாட்டியவர்

ஏமி ரெஸ்னீவ்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1997இல் வெளியிட்ட ஆய்வில் 196 ஊழியர்கள் இருந்தார்கள். தங்கள் வேலையைச் சிலர் வெறும் பிழைப்பு என்றும், சிலர் ஏறும் படி என்றும், சிலர் தாங்கள் செய்தே ஆக வேண்டிய பணி என்றும் பார்த்தார்கள். மூன்று வகையினரும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரே அலுவலக உதவியாளர் வேலையில் இருந்தவர்களும் இப்படியே மூன்றாகப் பிரிந்தார்கள்.

பிறகு அவரும் ஜேன் டட்டனும் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் போனார்கள். அவர்களில் ஒரு பெண், நினைவிழந்து கிடப்பவர்களின் வார்டைக் கூட்டித் துடைக்கிறவர். அறைச் சுவர்களில் மாட்டியிருந்த படங்களை அவர் அவ்வப்போது இடம் மாற்றி மாட்டுவார். கண்ணெதிரே ஏதாவது மாறினால் ஒருவேளை நோயாளிக்குள் ஏதாவது அசையாதா என்ற எண்ணம். அவருடைய வேலைப் பட்டியலில் படம் மாட்டுவது இல்லை. அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவும் இல்லை.