அட்டையின் பின்பக்கம்

எல்லையோரம் – 14

போன வாரம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினோம். வாரம் முழுக்க ஷிப்டில் நின்று லேத்தும் அசெம்பிளி லைனும் பார்க்கிற பையன்கள், ஒரே ஒரு நாள் பவுலராகவும் கீப்பராகவும் மாறுகிற ஆட்டம் அது. அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக இந்த வாரம் கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்கா வரைக்கும், 1952 வரைக்கும்.

அந்த ஆண்டில் ஓசூர், சேலம் மாவட்டத்தின் ஒரு தாலுகா. சிப்காட் வரவில்லை, டைட்டனும் டி.வி.எஸ்ஸும் அசோக் லேலண்டும் வரவில்லை. பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி அந்த ஏப்ரலில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். அதற்கு இரண்டு மாதம் முன்னால் சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பார்த்தது. இங்கிலாந்து இன்னிங்ஸ் மற்றும் 8 ரன்னில் தோற்றது. வினு மன்கட் 12 விக்கெட் எடுத்தார்.

அதே 1952-இல்தான் நியூயார்க்கின் புரூக்ளினில் டாப்ஸ் என்ற சூயிங்கம் கம்பெனி 407 பேஸ்பால் அட்டைகளை வெளியிட்டது. சை பெர்கர் என்ற ஊழியர் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து உருவாக்கிய வடிவம் அது. முன்பக்கம் வண்ணப்படம், அணியின் சின்னம், கையெழுத்தின் அச்சு. பின்பக்கத்தில் வீரரின் பிறந்த ஊர், உயரம், எடை, எந்தக் கையால் எறிவார் என்பதெல்லாம் இருக்கும். கீழே போன சீசன் கணக்கும் மொத்தக் கணக்கும். நடுவில் சில வரிகளில் அவர் வந்த வழி. உள்ளூர் ரேடியோவில் பெயரை மட்டும் கேட்ட பையனுக்கு அந்த ஆளைப் பற்றி முதன்முதலாகத் தெரியவந்தது அந்தச் சில வரிகளில்தான்.

அவசரத்தில் அச்சடித்ததில் தவறுகளும் உண்டு. யாங்கீஸ் அணியின் ஜோ பேஜ் படத்துக்குப் பின்னால் ஜானி செயினின் வாழ்க்கைக் குறிப்பு, செயின் படத்துக்குப் பின்னால் பேஜின் குறிப்பு. பிறகுதான் திருத்தினார்கள். 1957-இல் ஹாங்க் ஆரனின் படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டு, வலக்கை ஆட்டக்காரரை இடக்கைக்காரர் ஆக்கிவிட்டார்கள்.

அச்சுப்பிழையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அட்டை சொல்லாமல் விட்டது. கறுப்பின வீரர்களால் 1947-க்கு முன்பு பல பத்தாண்டுகள் பெரிய லீக்குகளில் ஆட முடியவில்லை. ஜாக்கி ராபின்சன்தான் அந்தத் தடையை உடைத்தார். அதற்கு முன் நீக்ரோ லீக்குகளில் ஆடியவர்களின் ரன்னும் வெற்றியும் இந்தக் கணக்கில் ஏறவில்லை. சாட்சல் பேஜ் 42 வயதில்தான் பெரிய லீக்குக்கு வந்தார். அவருடைய சிறந்த ஆண்டுகள் அட்டைக்கு வெளியே நின்றன. அந்த லீக்குகளின் கணக்கை அதிகாரபூர்வப் புத்தகத்தில் சேர்த்தது 2024-இல். சேர்த்ததும், 1947 ஜனவரியிலேயே இறந்துபோன ஜாஷ் கிப்சன், .372 சராசரியோடு எல்லோருக்கும் மேலே ஏறினார்.

இன்னொன்று, பணம். 1952 தொகுப்பில் 311-ஆம் எண், மிக்கி மாண்டில். அந்த அட்டை ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோனது. சீசன் கடைசியில் வந்த அந்த வரிசை அன்றைக்கு விற்கவில்லை. மிஞ்சிய பெட்டிகளை 1960-இல் குப்பைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகப் பெர்கரே பின்னாளில் சொன்னார். அட்டையில் இருந்த ஆட்களோ பனிக்காலத்தில் வேறு வேலை தேடினார்கள். யோகி பெர்ராவும் பில் ரிசூட்டோவும் நியூவார்க்கில் துணிக்கடையில் நின்று சூட் விற்றார்கள். ராபின்சன் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் டி.வி. விற்றிருக்கிறார். நம் மன்கட்டும் விலக்கில்லை. சேப்பாக்கத்தில் ஜெயித்துக்கொடுத்த அவர் பிழைப்புக்காக லங்காஷயர் லீக்கில் ஹாஸ்லிங்டன் கிளப்போடு ஒப்பந்தம் போட்டார். அந்தக் கிளப்பைக் கேட்டுத்தான் லார்ட்ஸ் டெஸ்டுக்கு அவரை இந்தியா வரவழைத்தது. அங்கே அவர் 72-ம் 184-ம் அடித்து, முதல் இன்னிங்ஸில் 5 விக்கெட்டும் எடுத்தார்.

ஓசூர்க்காரர்களுக்கு இதில் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. 1966-இல் பேஸ்பால் வீரர்கள் தங்கள் சங்கத்துக்குத் தலைமையேற்க அழைத்தது, எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் பொருளாதார நிபுணரான மார்வின் மில்லரை. அப்போது குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டாலர். அட்டைக்கு டாப்ஸ் கொடுத்தது வீரருக்கு ஆண்டுக்கு 125 டாலர். மில்லர் முதலில் தொட்ட விஷயங்களில் ஒன்று இந்த அட்டைதான். யாரும் டாப்ஸின் கேமரா முன் நிற்க வேண்டாம் என்றார். வீரர்கள் ஒன்றாக நின்றார்கள். புதுப்படம் கிடைக்காத கம்பெனி பழைய படங்களைப் போட்டுச் சமாளித்துப் பார்த்து, கடைசியில் இறங்கி வந்தது: தொகை இரண்டு மடங்கு, விற்பனையில் பங்கு. ஒன்றாக நின்றால் என்ன கிடைக்கும் என்று அந்த வீரர்கள் கற்றுக்கொண்டது இந்தச் சண்டையில். ஒரு கிளப் வீரரைக் காலம் முழுக்கக் கட்டிவைத்திருந்த ஒப்பந்த விதி 1975-இல் உடைந்தது இதன் தொடர்ச்சிதான்.

நம் பிள்ளைகளுக்கும் அட்டை கிடைத்தது. சூயிங்கத்தோடு வந்த கிரிக்கெட் படங்கள், பிறகு ட்ரம்ப் கார்டு. ஆனால் அதில் மேட்ச், ரன், விக்கெட், கேட்ச் என்று எண் மட்டும்தான். யார் எண் பெரிது என்று பார்த்து எதிராளியின் சீட்டைப் பறிக்கும் ஆட்டம். அந்த ஆள் எங்கிருந்து வந்தார், எப்படிப் பிழைத்தார் என்று ஒரு வரி கிடையாது.

இன்று மூக்கண்டப்பள்ளியிலும் பாகலூர் சாலையிலும் ஆடும் பையனின் ஸ்கோர் செல்போன் செயலியில் ஏறிவிடுகிறது. கழுத்தில் தொங்கும் கம்பெனி அடையாள அட்டையில் பெயரும் எண்ணும் ரத்த வகையும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தாலும் அந்தப் பையன் கிடைப்பதில்லை. தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தவன், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் ஓப்பனிங் இறங்கியவன் என்பது எங்கும் பதிவாகவில்லை. பேஸ்பால் அட்டைக்காரன் சூயிங்கம் விற்கத்தான் எழுதினான், ஆனாலும் எழுதினான்.

ஆகவே டீம் கேப்டன்களுக்கும் டோர்னமென்ட் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கோப்பைக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கும்போது அதில் பாதிச் செலவை ஒரு சின்னப் புத்தகத்துக்கு ஒதுக்குங்கள். ஆளுக்கு ஒரு பக்கம் போதும். படம், சொந்த ஊர், எந்த வேலை, யாரிடம் ஆட்டம் கற்றான், இதுவரை ஆடியதில் அவன் மறக்காத ஒரு ஓவர். அவன் சம்மதம் கேட்டு, அவன் வாயாலேயே சொல்லக் கேட்டு, தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ எழுதுங்கள். அச்சான பிறகு ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)