கட்சி மாறி விழுந்த வாக்குகள்

1972 ஜூன் 17, சனிக்கிழமை அதிகாலை. வாஷிங்டன் வாட்டர்கேட் வளாகத்தில் இருந்த ஜனநாயகக் கட்சித் தலைமையகத்துக்குள் புகுந்த 5 பேர் கையும் களவுமாகப் பிடிபட்டனர். அவர்களிடம் இருந்த ரொக்கம் ஏறத்தாழ 2,300 டாலர். பெரும்பாலும் 100 டாலர் நோட்டுகள். எண்கள் வரிசை பிசகாமல் இருந்தன. பணத்தின் தடம் பிடித்துப் போன எஃப்.பி.ஐ., பிடிபட்டவர்களில் ஒருவரின் மயாமி வங்கிக் கணக்கை எட்டியது. அதில் 5 காசோலைகள் மூலம் 1,14,000 டாலர் வரவாகியிருந்தது: மெக்சிகோ வழியே வந்த 4 காசோலைகளில் 89,000 டாலர், ஐந்தாவதில் 25,000 டாலர். இரண்டுமே அதிபர் ரிச்சர்ட் நிக்சனின் மறுதேர்தல் நிதிக்கென வந்த தொகைகள்.

திருட்டு நடந்த ஆறாம் நாள், ஜூன் 23 அன்று, நிக்சனும் அவருடைய தலைமை அலுவலர் ஹால்டமனும் ஒரு வழியைப் பேசி முடித்தனர். சி.ஐ.ஏ.வை விட்டு, இந்த விசாரணையை இத்தோடு விட்டுவிடும்படி எஃப்.பி.ஐ.யிடம் சொல்ல வைப்பது. அந்தப் பேச்சு பதிவான ஒலிநாடாவின் எழுத்து வடிவம் வெளியே வந்த நாள் 1974 ஆகஸ்ட் 5. தடுக்கச் சொன்ன நாளுக்கும் அது அம்பலமான நாளுக்கும் இடையே 773 நாட்கள். அம்பலமான நாளுக்கும் நிக்சன் பதவியை விட்டு இறங்கிய நாளுக்கும் இடையே 4 நாட்கள்.

அமெரிக்காவில் ஓர் அதிபர் தன்னைச் சுற்றி நடக்கும் விசாரணையில் கை வைத்தாரா என்ற சர்ச்சை எழும்போதெல்லாம், அந்தக் காலத்தில் இரு கட்சிகளும் ஒன்றாக நின்றன என்று 1974ஐச் சொல்வது வழக்கம். சொல்பவர்கள் கைவசம் இரண்டு எண்கள் இருக்கும். 1973 பிப்ரவரி 7 அன்று விசாரணைக் குழு அமைக்க செனட்டில் விழுந்த வாக்கு 77-0. 1974 பிப்ரவரி 6 அன்று பதவிநீக்க விசாரணைக்குப் பிரதிநிதிகள் சபை அளித்த வாக்கு 410-4. இரண்டும் சரியான எண்கள்தாம். ஆனால் இரண்டுமே விசாரிக்கலாம் என்பதற்கு விழுந்த வாக்குகள். குற்றம் செய்தார் என்பதற்கு விழுந்த வாக்கு வேறு கணக்கு.

அந்தக் கணக்கு பிரதிநிதிகள் சபையின் நீதி விவகாரக் குழுவில் இருக்கிறது. உறுப்பினர்கள் 38 பேர்: ஜனநாயகக் கட்சி 21, குடியரசுக் கட்சி 17. நீதிக்கு இடையூறு செய்தார் என்ற முதல் குற்றச்சாட்டு 1974 ஜூலை 27 அன்று 27-11 என்று நிறைவேறியது. 21 பேரும் ஆதரித்தனர். குடியரசுக் கட்சியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் 6 பேர். அதாவது 17இல் 35 சதவீதம். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்ற இரண்டாவதுக்கு 28-10. வந்தவர்கள் 7 பேர், 41 சதவீதம். மூன்றாவது 21-17; வந்தவர்கள் 2 பேர். ஆக, வாட்டர்கேட் விவகாரம் 2 ஆண்டுகள் நாட்டை உலுக்கிய பிறகும், நிக்சனின் கட்சிக்காரர்களில் 65 சதவீதம் பேர் முதல் குற்றச்சாட்டில் அவர் பக்கமே நின்றனர். கட்சிப் பிளவு அன்றும் இருந்தது.

அதை உடைத்தது ஒலிநாடா. மூன்று குற்றச்சாட்டுகளையும் எதிர்த்து வாக்களித்திருந்த 10 பேரும், ஆகஸ்ட் 5க்குப் பிறகு, முதல் குற்றச்சாட்டை முழுச் சபையில் ஆதரிக்கப் போவதாக அறிவித்தனர். 35 சதவீதம் சில நாட்களில் ஏறத்தாழ 100 சதவீதம் ஆனது. இடையில் புதிய சாட்சி யாரும் வரவில்லை. அதிபரின் சொந்தக் குரல்தான் வந்தது. நாடா கைக்கு வந்ததும் தற்செயல் அன்று. முந்தைய மாதம் உச்ச நீதிமன்றம் 8-0 என்று கொடுக்கச் சொல்லியிருந்தது. அதற்கு முன்பே வேறொரு நாடாவில் 18½ நிமிடம் வெற்று இரைச்சலாக இருந்தது. அதை ஆராய்ந்த நிபுணர்கள் குறைந்தது 5 தடவை, ஒருவேளை 9 தடவை வரை தனித்தனியாக அழிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். ஜூன் 23இன் நாடா அப்படி அழியாமல் தப்பியது. தப்பாமல் போயிருந்தால் 27-11 என்ற எண்தான் வரலாற்றில் நின்றிருக்கக்கூடும்.

பொதுமக்களிடமும் இதே கதைதான். கேலப் கணிப்பில் நிக்சனுக்கான ஆதரவு 1973 ஜனவரியில் 68 சதவீதம், ஆகஸ்டில் 31, 1974 ஆகஸ்டில் 24. மொத்த வீழ்ச்சி 44 புள்ளிகள். கடைசி வாரத்தில் அவர் பதவியை விட்டுப் போக வேண்டும் என்றவர்கள் 57 சதவீதம். பிரித்துப் பார்த்தால் ஜனநாயகக் கட்சியினரில் 71, சார்பற்றவர்களில் 55, குடியரசுக் கட்சியினரில் 31 சதவீதம். இரு கட்சியினருக்கும் இடையே இருந்த தூரம் 40 புள்ளிகள்.

1998இல் கட்சிகள் இடம் மாறின. நீதிக்கு இடையூறு என்ற குற்றச்சாட்டின் பெயர் மாறவில்லை. பில் கிளின்டன் மீதான அந்தக் குற்றச்சாட்டு, தனிநபர் தொடுத்த ஒரு சிவில் வழக்கில் உண்மையை மறைத்தது பற்றியது. வாட்டர்கேட்டோடு எடை போட முடியாது. டிசம்பர் 19 அன்று பிரதிநிதிகள் சபையில் 221-212 என்று நிறைவேறியது. ஆதரித்த ஜனநாயகக் கட்சியினர் 5 பேர், எதிர்த்த குடியரசுக் கட்சியினர் 12 பேர். 1999இல் செனட்டில் 50-50. அங்கே ஜனநாயகக் கட்சியிலிருந்து குற்றவாளி என்றவர்கள் 0. குற்றச்சாட்டு நிறைவேறிய டிசம்பரில் கேலப்பில் கிளின்டனின் ஆதரவு 73 சதவீதம். அதற்கு மேல் சொல்ல இதில் அதிகம் இல்லை.

டொனால்ட் டிரம்ப்பின் கணக்கு பெரியது. 2017 மே 9 அன்று அவர் எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமியைப் பதவிநீக்கம் செய்தார். 8 நாட்கள் கழித்து, தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றிய விசாரணைக்கு ராபர்ட் முல்லர் சிறப்பு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டார். 2019 மார்ச் 22 அன்று அறிக்கை கொடுத்தார். இடையே 674 நாட்கள். வழக்கறிஞர்கள் 19 பேர், எஃப்.பி.ஐ. தரப்பில் சுமார் 40 பேர், அழைப்பாணைகள் 2,800க்கு மேல், சோதனை ஆணைகள் ஏறத்தாழ 500, விசாரிக்கப்பட்ட சாட்சிகள் சுமார் 500 பேர். வழக்குப் பதிவானவர்கள் 34 பேர், நிறுவனங்கள் 3. அறிக்கை 448 பக்கம். அதன் இரண்டாம் தொகுதி முழுவதும் அதிபர் விசாரணையைத் தடுக்க முயன்றாரா என்ற ஒரே கேள்வி பற்றியது. ஆராயப்பட்ட சம்பவங்கள் 10.

ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். 2017 ஜூன் 17, அதுவும் சனிக்கிழமை. வெள்ளை மாளிகை வழக்கறிஞர் டான் மெக்கானின் வீட்டுக்கு டிரம்ப் தொலைபேசியில் பேசி, முல்லரை நீக்க ஏற்பாடு செய்யச் சொன்னார் என்கிறது அறிக்கை. மெக்கான் செய்யவில்லை, பதவி விலகவே தயாரானார். பின்னர் அவர் முல்லர் குழுவிடம் பேசிய நேரம் சுமார் 30 மணி. வாட்டர்கேட் திருட்டு நடந்து அன்றோடு 45 ஆண்டுகள். தேதி ஒத்துப்போவதில் பொருள் எதுவும் இல்லை; பத்திரிகைக்காரன் கண்ணில் பட்டால் எழுதாமல் விட முடிவதில்லை, அவ்வளவுதான். பொருள் வேறிடத்தில் இருக்கிறது. 1972இன் உத்தரவு நாடாவில் பதிவாகியிருந்தது. 2017இன் உத்தரவு ஒருவரின் நினைவில் இருந்தது, மற்றவர் மறுத்தார். டிரம்ப் எழுத்து மூலம் அளித்த பதில்களில் நினைவில்லை என்ற பொருள்படும் இடங்கள் 30க்கு மேல். அந்தக் கேள்விகளிலும் விசாரணையைத் தடுத்தது பற்றியவை 0.

அறிக்கை, குற்றம் செய்தார் என்ற முடிவுக்கு வரவில்லை. குற்றமற்றவர் என்று விடுவிக்கவும் இல்லை. பதவியில் இருக்கும் அதிபர் மீது வழக்குத் தொடுக்கக் கூடாது என்பது 1973இலும் 2000இலும் நீதித்துறை எடுத்த நிலை. அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் மார்ச் 24 அன்று 4 பக்கக் கடிதம் வெளியிட்டார். தடுத்ததாக நிறுவ ஆதாரம் போதாது என்றார். அறிக்கை மக்கள் கைக்கு வந்தது ஏப்ரல் 18. நடுவில் 25 நாட்கள் நாட்டுக்குக் கிடைத்தவை 448 பக்கங்களுக்குப் பதில் 4 பக்கங்கள். கடிதத்தின் ஒரு பக்கம் அறிக்கையின் 112 பக்கங்களுக்கு ஈடாக நின்றது. பிறகு 1,000க்கும் மேற்பட்ட முன்னாள் மத்திய அரசு வழக்கறிஞர்கள், வேறு யாராக இருந்தாலும் வழக்குப் பாய்ந்திருக்கும் என்று கையெழுத்திட்டனர். ஆனால் 25 நாளில் இரு பக்கமும் நிலை எடுத்து முடித்திருந்தன.

செலவையும் இரு கட்சியினரும் ஆயுதமாக்கினர். மொத்தம் சுமார் 3.2 கோடி டாலர். இதில் முல்லர் அலுவலகம் நேரடியாகச் செலவிட்டது ஏறத்தாழ பாதி; மீதி, அவர் இல்லாவிட்டாலும் நீதித்துறைக்கு ஆகியிருக்கும் ஊழியர் செலவு. 2017 மே 17 முதல் 2019 மே முடியும் வரை 744 நாட்களுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு சுமார் 43,000 டாலர். 33 கோடி மக்களுக்கு வகுத்தால் தலைக்குச் சுமார் 10 சென்ட். ஈரான்-கான்ட்ரா விவகாரத்தை விசாரித்த லாரன்ஸ் வால்ஷ் செலவிட்டது சுமார் 4.7 கோடி டாலர். கிளின்டன் மீதான ஒயிட்வாட்டர் விசாரணை கடைசி வரை விழுங்கியது 7 கோடி டாலருக்கு மேல். பண வீக்கத்தைச் சேர்த்தால் இவை இரண்டும் இன்னும் உயரும். வால்ஷ் காலத்தில் வீண் செலவு என்றது குடியரசுக் கட்சி, ஒயிட்வாட்டரில் ஜனநாயகக் கட்சி, முல்லர் காலத்தில் மறுபடி குடியரசுக் கட்சி. தொகைக்கும் கூச்சலுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை.

இனி வாக்குக் கணக்கு. அறிக்கை வந்தபோது குடியரசுக் கட்சிக்கு இரு அவைகளிலும் சேர்த்து சுமார் 250 பேர். அதிபர் பதவிநீக்கத்துக்கு உரியவர் என்று சொன்னவர் 1: மிச்சிகனின் ஜஸ்டின் அமாஷ். 0.4 சதவீதம். ஏழு வாரத்தில் அவரும் கட்சியை விட்டு வெளியேறினார். மறுபக்கத்தையும் எழுத வேண்டும். பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது. 2019 டிசம்பரில் அது நிறைவேற்றிய 2 குற்றச்சாட்டுகளும் உக்ரைன் விவகாரம் பற்றியவை. முல்லரின் 10 சம்பவங்களில் ஒன்றுகூடத் தனிக் குற்றச்சாட்டாக வரவில்லை. ஆகவே அந்த 10 பற்றி யார் எந்தப் பக்கம் என்று எண்ணிப் பார்க்க வாக்கெடுப்பே கிடையாது. டிரம்ப்பின் முதல் 4 ஆண்டுகளில் கேலப் ஆதரவு 34க்குக் கீழே போகவில்லை, 49க்கு மேலே ஏறவில்லை. ஏற்ற இறக்கம் 15 புள்ளிகள். கட்சிகளுக்கு இடையிலான தூரம் சராசரியாக 81 புள்ளிகள்: குடியரசுக் கட்சியினரில் 88, ஜனநாயகக் கட்சியினரில் 7 சதவீதம்.

இந்த மாற்றத்தை மனசாட்சியின் வீழ்ச்சி என்று எழுதிவிடலாம். கணக்கு அதற்கு முழு இடம் தரவில்லை. செனட்டில் தண்டிக்க 67 வாக்கு தேவை. 1974இல் ஜனநாயகக் கட்சிக்கு 57 பேர். எதிர்ப்பக்கத்திலிருந்து 10 பேர் வந்தால் போதும். 1999இல் 12 தேவைப்பட்டது, வந்தது 0. டிரம்ப் விஷயத்தில் 2020இல் 20 தேவைப்பட்டது, வந்தது 1, அதுவும் ஒரு குற்றச்சாட்டுக்கு மட்டும். 2021இல் 17 தேவைப்பட்டது, வந்தது 7. கடைசி இரண்டும் வேறு விவகாரங்கள். என்றாலும் 10 பேரைத் தேடுவதும் 20 பேரைத் தேடுவதும் ஒரே வேலை ஆகாது. எட்டாது என்று தெரிந்த எண்ணுக்காகத் தன் தொகுதியைப் பணயம் வைப்பவர் குறைவு.

நீதிமன்றத்திலும் இதே போக்கு தென்படுகிறது. 1974இன் 8-0 தீர்ப்பில் 3 நீதிபதிகள் நிக்சனே நியமித்தவர்கள்; அவர் நியமித்த நான்காமவர் விலகி நின்றார். 2024 ஜூலை 1 அன்று, நீதித்துறையோடு அதிபர் பேசுவது உள்ளிட்ட சில அதிகாரங்களுக்கு முழு வழக்கு விலக்கு உண்டு என்று வந்த தீர்ப்பு 6-3. ஆறு பேரும் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். அவர்களில் 3 பேர் டிரம்ப் நியமித்தவர்கள், ஒருவர் ஒரு பகுதியில் மட்டும் மாறுபட்டார். எதிர்த்த மூவரும் ஜனநாயகக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள்.

வாட்டர்கேட்டுக்குப் பிறகு, அதிபரின் பிடி தளர வேண்டும் என்று 1976இல் எஃப்.பி.ஐ. இயக்குநருக்கு 10 ஆண்டுப் பதவிக்காலம் விதிக்கப்பட்டது. அதன் பின் நியமிக்கப்பட்டுப் பதவியை விட்டுப் போன 6 பேரில் 10 ஆண்டை முடித்தவர் ஒருவரே, அவர் முல்லர். 2011இல் அவருக்கு மேலும் 2 ஆண்டு நீட்டிக்க செனட் அளித்த வாக்கு 100-0. 2013இல் கோமிக்கு 93-1. 2017இல், கோமியின் நாற்காலிக்கு வந்த கிறிஸ்டோஃபர் ரேக்கு 92-5. 2025 பிப்ரவரியில் காஷ் படேலுக்கு 51-49; குடியரசுக் கட்சியிலிருந்து எதிர்த்தவர்கள் 2 பேர், ஜனநாயகக் கட்சியிலிருந்து ஆதரித்தவர்கள் 0.