எண்ணெய்க் கசிவும் கரை மீட்டமைப்பும்: பினாங்கை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

கடலிற் சிந்திய எண்ணெயை அள்ளுவது ஒரு பணி. எண்ணெய் படிந்த கரையில் உயிர்கள் மீண்டும் தழைக்கச் செய்வது வேறொரு பணி. முன்னதைத் துப்புரவு என்றும் பின்னதை மீட்டமைப்பு என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். இவ்விரண்டும் ஒன்றெனக் கருதப்படுவதே அரசு நிருவாகத்தில் நேரும் பெருங்குறை என்பது நம் கருத்து.

நீரிணையின் படிப்பினை

பினாங்குத் தீவு மலாக்கா நீரிணையின் வடவாயில் அருகே அமைந்துள்ளது. 1975 சனவரியில் ஷோவா மாரு எனும் எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூருக்கு அருகே தரைதட்டியது. அதன் விளைவாகவே மலேசியாவின் எண்ணெய்க் கசிவு எதிர்நடவடிக்கைத் திட்டம் உருவாயிற்று. 1992 செப்டம்பரில் நீரிணையின் வடபகுதியில் நாகசாகி ஸ்பிரிட் கப்பல் மற்றொரு கப்பலுடன் மோத, ஏறத்தாழ 12,000 டன் எண்ணெய் கடலிற் கலந்தது. இத்தகைய விபத்து பினாங்கு வாழ் மக்களுக்குத் தொலைவில் உள்ளதன்று.

சேற்றில் நிகழ்வது

சங்க இலக்கிய நெய்தற் பாடல்களில் இடம்பெறும் கண்டல், நீரும் நிலமும் கலக்கும் சேற்றில் வாழ்வது. இவ்வகைக் காடுகளைத் தமிழகத்தார் அலையாத்திக் காடு என்பர். மலாய் மொழியில் இவை பாக்காவ் எனப்படும். காற்றில்லாச் சேற்றில் நிற்கும் இம்மரங்கள், வேர்களிலுள்ள நுண்துளைகள் வழியே மூச்சுவிடுகின்றன. எண்ணெய் அத்துளைகளை அடைத்துவிட்டால் மரம் உடனே சாய்வதில்லை. சில வாரங்களோ திங்களோ கழித்து இலையுதிர்த்து மடியும். சேற்றினுள் புகுந்த எண்ணெய் உயிர்வளி இன்மையால் எளிதிற் சிதைவதில்லை. பனாமா நாட்டில் 1986-இல் சுத்திகரிப்பு ஆலையின் கொள்கலத்திலிருந்து கசிந்த எண்ணெய், கண்டற் சேற்றில் பல ஆண்டுகள் தங்கிச் சிறிது சிறிதாக வெளியேறியது. எண்ணெயை அகற்றச் செல்வோரின் காலடிகளே அதனைச் சேற்றுக்குள் ஆழ அழுத்திவிடுவதும் உண்டு. எனவே, விரைந்து செய்வது எப்போதும் நன்றாகச் செய்வதாகாது.

எண்ணூர் காட்டும் பாடம்

2017 சனவரி 28-ஆம் நாள் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதியபோது, கரையொதுங்கிய எண்ணெயைத் தொழிலாளரும் தன்னார்வலரும் வாளிகளால் அள்ளினர். 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதி எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. பாதிக்கப்பட்ட 9,001 குடும்பங்களுக்கும் 787 படகுகளுக்குமாகத் தமிழக அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. இஃது இழந்த வருவாய்க்கு ஓரளவு ஈடாகலாம். ஆனால், கண்டல் வேர்களிற் படிந்த எண்ணெய்க்கு நிவாரணத் தொகை மருந்தாகாது. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அங்கே நண்டும் இறாலும் கிடைக்குமா என்பதே மீனவரின் வினா.

நிருவாகச் சிக்கல்

மலேசியாவில் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம், மலேசியக் கடற்பகுதியில் எண்ணெய் கலப்பதைக் குற்றமாக்குகிறது. 2024-இல் செய்யப்பட்ட திருத்தம் கடுங்குற்றங்களுக்கான அபராத வரம்பைப் பத்து மில்லியன் ரிங்கிட் வரை உயர்த்தியது. எனினும் அபராதம் வேறு, மீட்டமைப்புச் செலவு வேறு. எண்ணெய்க் கப்பல்கள் பற்றிய 1992-ஆம் ஆண்டு அனைத்துலக ஒப்பந்தம், உண்மையில் மேற்கொண்ட அல்லது மேற்கொள்ளவிருக்கும் நியாயமான மீட்டமைப்புப் பணிகளுக்கே செலவுத்தொகை வழங்க இடமளிக்கிறது. திட்டம் வகுக்காத அரசு அத்தொகையைக் கோர இயலாது. ஆலைகளின் கசிவோ அவ்வொப்பந்தத்துள் அடங்காது.

மற்றுமொரு சிக்கல் அரசியலமைப்பைச் சார்ந்தது. கப்பற் போக்குவரத்து கூட்டரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. நிலமும் காடும் மாநில அரசின்பாற்பட்டவை. அலையோ இவ்வெல்லையை அறியாது. கடலில் மிதக்கும் எண்ணெய்க்கு ஒருவரும், அதே எண்ணெய் கண்டற் காட்டை அடைந்தபின் வேறொருவரும் பொறுப்பாவரெனில், இடையில் கழியும் நாட்களுக்கு யார் பொறுப்பு?

பினாங்கில் உள்ள அடித்தளம்

2004 ஆழிப்பேரலையில் மலேசியாவில் மிகுதியான உயிர்களை இழந்த மாநிலம் பினாங்கே. அதன்பின் கூட்டரசு 2005-இல் கடலோர மரநடவுத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1990-களின் பிற்பகுதி முதல், பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் தாமே கண்டல் நட்டு வந்தனர். தெலுக் பகாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு நிலையம் உள்ளது. ஆகவே, கன்று நடுவோரும் அளப்போரும் இங்கேயே உள்ளனர். கசிவு நேருமுன் கரையின் இயல்புநிலையைப் பதிவுசெய்தல், மீனவரை முடிவெடுக்கும் குழுவில் அமர்த்துதல், துப்புரவு முடிந்தபின்னும் பல்லாண்டுக் கண்காணிப்புக்கு நிதி ஒதுக்குதல் ஆகிய மூன்றும் எதிர்நடவடிக்கைத் திட்டத்தோடு இணைதல் வேண்டும்.

முடிவுரை

எண்ணெய் மறைந்த நாளைக் கொண்டு அரசு தன் பணியை அளவிடுதல் கூடாது. மீன்வளம் மீண்ட நாளைக் கொண்டே அளவிட வேண்டும். துப்புரவு, மீட்டமைப்பு எனும் இருசொற்களின் வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்தல் தமிழாசிரியராகிய நம் கடனாகும். நெய்தலைப் பாடமாகக் கற்பிக்கும் நாம், அந்நிலம் அழியாது நிற்றலிலும் அக்கறை கொள்ளுதல் முறையே.